திராட்சைப் பந்தலில் ஈர விறகு

எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் யாரும் செருப்புடன் நுழைந்ததில்லை. சின்னமனூரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களின் வழக்கம் அது. உள்ளே போகிறவர் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கிள்ளிய இலை தரையில் படக்கூடாது. மண்ணில் ஈரம் காயக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வெயில் விழக்கூடாது. என் மனைவி அத்தகைய குடும்பத்தில் பிறந்தவள். தகப்பனார் அவள் பங்காக விட்டுச்சென்ற கொடிக்காலை அழித்து, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பன்னீர் திராட்சை ஏற்றியபோது, வெற்றிலைக் கொடி படர நிழலாக நின்ற அகத்தி மரங்களை அவள் வெட்டி அகற்றினாளே தவிர, செருப்பைப் பற்றிய விதியை அகற்றவில்லை. மற்ற விதிகளும் ஒருவரும் அழைக்காமலேயே அவளுடன் பந்தலுக்குள் வந்து அமர்ந்துகொண்டன என்பதை அறிய எங்களுக்குச் சில கவாத்துகள் பிடித்தன.

எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. அப்போது நான் அருகிலிருந்த கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்பு மாணவர்களுக்குத் தருக்கம் கற்பித்துவந்தேன். அவள் இப்போது இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எண்ணமில்லை. ஒரு வெற்றியைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். அது அவளுடைய வெற்றி.

கவாத்து என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி ஆண்டுக்கொரு முறை உறங்கி ஒரு முறை விழிக்கும் என்று படித்திருக்கிறேன். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு உறக்கமே கிடையாது. எந்த மாதத்தில் கிளைகளை நறுக்கினாலும் சில வாரங்களில் துளிர்க்கும். துளிரோடு பூங்கொத்து தலைகாட்டும். நான்கு மாதம் போலக் கழிந்தால் பழம். நறுக்கிவிடும் அந்த வேலைதான் கவாத்து. விளைச்சல் பொய்த்தால் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கொடியிடம் அதே கேள்வியை வேறு விதமாக உடனே கேட்கலாம். சோதித்துக் கற்க விரும்புபவனுக்கு இதைவிட வசதியான பயிர் இருக்க முடியாது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பந்தல் காய்க்கவில்லை என்பது மட்டுமே.

இலைக்குக் குறைவில்லை. வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு இலை. உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் விளக்கு ஏற்றலாம் போலிருக்கும். ஆனால் கிழக்கே வாய்க்காலை ஒட்டிய ஒரே ஒரு வரிசையில்தான் பழக்கொத்துகள் தொங்கின. மற்ற வரிசைகளில் தேடித்தேடிப் பார்த்தாலும் ஒரு கொத்து, இரண்டு கொத்து. வேளாண்மை அலுவலகத்தில் சாம்பல் சத்து போடச் சொன்னார்கள், போட்டோம். கம்பத்துப் பக்கம் நன்றாக விளைவித்தவர்களைக் கேட்டோம். அவர்கள் வந்து இலையைப் பார்த்தார்கள். இவ்வளவு செழிப்பான கொடிக்கு நோய் ஏது, அடுத்த கவாத்தில் பாருங்கள் என்றார்கள். அடுத்த கவாத்திலும் இலைதான்.

அவளுடைய அண்ணன் பக்கத்திலேயே கொடிக்கால் வைத்திருந்தார். தகப்பனார் வளர்த்த வெற்றிலையை அழிப்பதில் அவருக்குச் சம்மதமில்லை; தங்கையின் பிடிவாதத்துக்காகவே விட்டுக்கொடுத்திருந்தார். ஒரு நாள் காலை பந்தலுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏ ஆத்தா, இலையப் பாத்தா கண்ணு நெறையுது. ஆனா பழம் வாங்க வாரவன்கிட்ட இத வெத்தலக் கட்டு மாதிரி கவுளி கட்டிக் குடுத்தா வாங்குவானா?"

"அண்ணே, வெளாட்டுப் பேச்சு வேணாம்."

"வெளாட்டு இல்ல. அப்பா வச்ச கொடிக்காலு. உம் பேச்சக் கேட்டு வெட்டுக்கத்தி எடுத்துக் குடுத்தவன் நான். ஊருல எவனப் பாத்தாலும், 'என்னப்பா, தங்கச்சி வீட்டுத் திராட்ச இனிக்குதா'ங்குறான். தை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பந்தல் காய்ச்சா சரி. இல்லேன்னா கல்லப் பிடுங்கிட்டு அகத்தி வெதைச்சுருவோம். என்ன மாப்ள, சொல்லுங்க, நாயமா இல்லையா?"

நியாயமாகத்தான் இருந்தது. அன்று மாலை நான் மறுநாள் பாடத்தை வழக்கம்போல் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

இந்த வழக்கத்தையும் விளக்க வேண்டும். வகுப்பில் சொல்லவேண்டியதை முந்தைய மாலையிலேயே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம். அதனால் மணமான சில ஆண்டுகளிலேயே அவள் காதில் தருக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கேட்டதை மறப்பவள் அல்லள். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்ற பழைய எடுத்துக்காட்டை முதல் தடவை கேட்டபோதே மேகமலைப் பக்கம் கையைக் காட்டி, "அது புகையில்ல, மஞ்சு. உங்க பசங்களுக்கு நல்ல மலையாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். மூடுபனியைப் புகையென மயங்குவதை ஏதுப் போலி, அதாவது பொய்க் காரணம் என்று நூல்கள் தனியே எண்ணிவைத்திருக்கின்றன. அவளுக்கு அதை நான் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு நாள் உபாதி என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. திருப்பிப் போட்டு, நெருப்புள்ள இடத்தில் புகை உண்டு என்றால் தவறு. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியானால் அடுக்களையில் மட்டும் ஏன் நெருப்போடு புகையும் சேர்ந்து வருகிறது? நடுவில் யாரும் கவனிக்காத மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. அது ஈர விறகு. இரண்டு பொருள்கள் சேர்ந்தே வருவதைக் கண்டு ஒன்றால் மற்றொன்று விளைகிறது என்று முடிவுகட்டும் முன் ஈர விறகு எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். உபாதி என்பதன் சாரம் அவ்வளவே.

"இதுக்கு ஒரு காலேஜா?" என்றாள் அவள். "வெறகு காஞ்சு கெடந்தா நான் எதுக்குக் கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கேன்? நாளைக்கு மழைக்கு முன்னாடி வெறக உள்ள எடுத்துப் போடுங்க, உங்க உபாதி ஓடிரும்."

அப்படிப்பட்டவள்தான் அண்ணன் கெடு வைத்த மாலையில் என் முன் வந்து நின்றாள். "பசங்களுக்குச் சொல்றத எம் பந்தலுக்குச் சொல்லுங்க. எங்கன ஈர விறகுன்னு பாத்துருவோம்."

சொன்னேன். வாய்க்கால் வரிசை காய்க்கிறது. மற்றவை காய்க்கவில்லை. ஆகவே வாய்க்கால் ஓரத்தில் உள்ளதும் மற்ற இடத்தில் இல்லாததுமான ஒன்று காரணமாக இருக்க வேண்டும். முதலில் தோன்றுவது நீர். நீர் காரணமானால், நீர் கொடுத்த இடத்தில் காய்க்க வேண்டும். நீர் கொடுத்தும் காய்க்காவிட்டால், அது காரணமன்று என்று தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும்; இரண்டை மாற்றினால் விடை எதற்கு உரியது என்று தெரியாமல் போகும்.

அந்தக் கவாத்தில் நடு வரிசைகள் இரண்டுக்கு மட்டும் வாய்க்கால் ஓரத்துக்கு ஈடாக ஈரம் இருக்கும்படி நீர் பாய்ச்சினோம். இலை உள்ளங்கையளவு இருந்தது முகமளவு ஆயிற்று. கொத்து வரவில்லை.

எனக்கு ஓர் அமைதி. ஒரு வழி அடைபட்டது. இனி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. அவளுக்கு அந்த அமைதி கிட்டவில்லை.

"தப்புன்னு தெரிஞ்சதுக்கு எதுக்கு மொகத்த இம்புட்டுச் சந்தோசமா வச்சிருக்கீக?"

"தேடவேண்டிய இடம் குறைந்துவிட்டதே."

"கொழம்புல என்ன கொறையுதுன்னு தெரியாம ஒவ்வொரு டப்பாவா தெறந்து பாக்குற மாதிரில இருக்கு."

"அதேதான். ஆனால் ஒரே டப்பாவை இரண்டாம் முறை திறக்க மாட்டோம்."

அதற்கு அவள் சிரித்தாள். பிறகு தானாகவே சொன்னாள்: வாய்க்கால் தூரெடுக்கும்போதெல்லாம் வண்டலை அள்ளி அந்தக் கரையில்தான் போடுகிறார்கள், வரிசையின் வேர் அதைத்தானே தின்கிறது? நல்ல ஏது. அடுத்த கவாத்தில் வண்டியில் வண்டல் கொண்டுவந்து வேறு இரண்டு வரிசைகளின் அடியில் பரப்பினோம். மிஞ்சியதைப் பந்தலின் மேற்கு மூலையில், வண்டிப் பாதையோரம் குவித்துவிட்டோம். அந்தக் குவியலைப் பற்றி நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

வண்டலிட்ட வரிசைகளிலும் இலைதான் பெருத்தது. தைக்கு இன்னும் ஒரு கவாத்துக்கே இடமிருந்தது. இதற்கிடையில் வேறொன்று நடந்தது. பாதைக்கு அப்பால் வெங்காயம் போட்டிருந்த ராவுத்தரின் ஆடுகள் ஒரு நாள் மதியம் வண்டல் குவியலின்மேல் ஏறி நின்று, பந்தலின் அந்த மூலையை எட்டிய மட்டும் மேய்ந்து தீர்த்துவிட்டன. நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது அவள் பாதையில் நின்று சண்டையிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊருல இத்தன வேலி கெடக்கு. உங்க ஆட்டுக்கு எம் பந்தல்தான் கெடச்சுச்சா?"

ராவுத்தர் வயதானவர், நிதானமாகப் பேசுபவர். "ஆத்தா, அது வாயில்லாச் சீவன். தரையில விட்டா தரையில மேயும். மேடு போட்டுக் குடுத்தா ஏறித்தான மேயும்? மேடு போட்டது ஆடா?"

"அப்ப நானா ஏத்திவிட்டேன்?"

"நான் அப்படிச் சொல்லல. மேட்டச் சொன்னேன்."

அவருடைய வாதத்தில் குறை காண என்னால் முடியவில்லை. அதை அன்று வெளியே சொல்லவும் இல்லை. அவள் மறுநாள் குவியலைக் கலைத்துவிட்டாள். மூலை அந்தச் சுற்று முழுவதும் பல் விழுந்த வாய்போல் இருந்தது. கொடிக்கால் வீட்டுப் பெண்ணுக்கு அதைப் பார்ப்பதே அவமானம். அந்தப் பக்கமாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மூன்றாம் கவாத்து முடிந்து துளிர் விட்டது. ஒரு காலை அவள் பந்தலிலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்தாள். ஆடு மேய்ந்த மூலையில், துளிருக்குத் துளிர், கடுகுக் கொத்துபோலப் பச்சைப் பூங்கொத்துகள். வாய்க்கால் வரிசைக்குச் சிறிதும் இளைத்ததில்லை. வேறெங்கும் இல்லை, சென்ற சுற்றில் வண்டல் பரப்பிய வரிசைகளிலும் இல்லை, முன்பு நீர் பாய்ச்சிய வரிசைகளிலும் இல்லை.

அண்ணனும் வந்து பார்த்தார். "நாந்தான் அப்பவே நெனச்சேன், வண்டலு! குமிச்சுக் கெடந்துச்சுல்ல, அதான். பந்தல் பூராம் குமிச்சு ஏத்துங்க."

எனக்கும் ஒரு கணம் அதுவே சரியென்று பட்டது. பரப்பிய வண்டல் போதவில்லை, குவித்த வண்டல் போதுமாயிற்று என்று ஒரு வாக்கியத்தை மனத்தில் அமைத்தும்விட்டேன். அவள் தலையசைத்தாள்.

"குமிச்ச மண்ணுதான் காரணம்னா, மண்ணு காலடியில கெடந்த கொடி மட்டுந்தான காய்க்கணும்? அந்தா, அந்தக் கொடி தள்ளி இருக்கு. அதுலயும் பிடிச்சிருக்கு. அது வேரு மேட்டுக்கு வரவே இல்ல. ஆனா ஆடு வாய் அது வரைக்கும் போச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "மண்ணு நெருப்பு மாதிரி. ஆடுதான் ஈர விறகு."

"அப்ப புழுக்க!" என்றார் அண்ணன்.

"ஒவ்வொரு கவாத்துக்கும் பந்தல் பூராத்துக்கும் ஆட்டுப் புழுக்கதான அண்ணே போடுறோம்? அது எல்லாக் கொடியும் தின்னுச்சு."

அவள் மூலைக்குப் போய் நின்றாள். பிறகு வாய்க்கால் வரிசைக்குப் போனாள். திரும்பிப் பந்தலின் நடுவுக்கு வந்தாள். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தரையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்" என்றாள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே மரம் கிடையாது. காலை வெயில் சாய்வாகப் பந்தலுக்கடியில் புகுந்து அந்த ஒரு வரிசையின் தண்டுகளைத் தொட்டுவிட்டுப் போகும். ஆடு மேய்ந்த மூலையில் சென்ற சுற்று முழுவதும் வெயில் தண்டின்மேல் விழுந்திருந்தது. நடுவில் காசளவு வெளிச்சமும் தரைக்கு வராது. வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். "கொடிக்காலுக்குள்ள வெயிலக் கண்டா எங்கப்பா வஞ்சுக்கிட்டே கீத்த எடுத்துட்டு ஓடுவாக" என்றாள். "நானும் இங்கன அதையே செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். கிளை விலகுனா இழுத்துக் கட்டினேன். ஒரு இலையக் கிள்ளல. வெத்தலைக்கு இலைதான் பழம். இதுக்கு அது இல்லையே."

இன்னொன்றையும் அவளே கண்டாள். ஆடு மேய்ந்தது ஒரு சுற்றில். காய்த்தது அடுத்த சுற்றில். இன்று தண்டின்மேல் விழும் வெயில் இன்றைக்குப் பயன் தராது. கணுவுக்குள் போய் ஒளிந்துகொண்டு, அடுத்த கவாத்துக்குப் பின் கொத்தாக வெளியே வரும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் நடப்புச் சுற்றிலேயே காரணத்தைத் தேடிய எங்கள் கண்ணுக்கு அது எப்படி அகப்பட்டிருக்கும்?

விளைவு காரணத்துக்கு ஒரு சுற்றுப் பின்தங்கி வருமென்றால், எங்கள் ஊகத்தைச் சோதிக்க இந்தச் சுற்றில் இலையைக் குறைத்து, கெடு கடந்த அடுத்த கவாத்து வரை காத்திருக்க வேண்டும். அண்ணனிடம் அதைக் கேட்டபோது அவர் முகத்தில் தோன்றியது கோபமா சிரிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"ஆக, இந்தத் தடவையும் பழம் கெடையாது. இருக்குற இலையையும் கிள்ளிப் போடப் போறீக. அதுக்கு ஒரு தவண வேற. மாப்ள, இதத்தான் காலேஜுல சொல்லிக் குடுக்கீகளா?"

"ஆம், மச்சான். இதைத்தான்."

"சம்பளமும் குடுக்காக!"

ஆயினும் அவர் இணங்கினார். தங்கை கேட்டாள் என்பதற்காகவே. தை முடிந்து கவாத்து வெட்டி, துளிர் விட்டுப் பூங்கொத்து தெரியவேண்டிய நாள் வரை. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கடப்பாறையோடு வருவேன் என்று சொல்லிவிட்டே போனார்.

இனித்தான் எங்களுக்குள் ஒரு விவாதம் நிகழ்ந்தது. எங்கள் மணவாழ்வில் நான் முழுமையாகத் தோற்ற விவாதம் அது. வாய்க்கால் வரிசையைத் தொடாமல், மீதிப் பந்தலில் பாதிக்கு இலையையும் நெருங்கிய தளிர்களையும் குறைத்துவிடலாம் என்றேன். மறு பாதியை அப்படியே விட்டால் வேறுபாடு தெரியும்.

"அது ஒரு பக்கந்தான?" என்றாள்.

"எது?"

"இருந்தா இருக்கணும். இல்லாட்டி இல்லாம இருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் கணக்குன்னு நீங்கதான சொல்லுவீக. வெயில் குடுத்தாக் காய்க்குதான்னு பாக்கோம். நல்லா காய்க்குற எடத்துல வெயில எடுத்தா நிக்குதான்னு எங்கன பாக்கோம்?"

அன்வயம், வியதிரேகம் என்று நூல் சொல்லும். உண்டெனில் உண்டு, இல்லையெனில் இல்லை. இரண்டாவதைச் சோதிக்க ஒரே இடம்தான் இருந்தது: பந்தலில் தவறாமல் காய்க்கும் ஒரே வரிசை. அதைக் கீற்றால் மூட வேண்டும். எங்கள் ஊகம் தவறாயிருந்தால், கடப்பாறையோடு வரும் அண்ணனுக்குக் காட்ட அந்த வரிசையும் மிஞ்சாது. ஊகம் சரியாயிருந்தாலும் அந்த வரிசையின் விளைச்சல் போகும். இவற்றையெல்லாம் முறையாக எடுத்துரைத்தேன். தருக்கத்துக்கு எதிராக அன்று நான் பேசியதுபோல் அழகாக எந்தத் தருக்க ஆசிரியனும் பேசியிருக்க மாட்டான்.

"வரிசையில பாதிய மூடுவோம்" என்றாள். "பாதி இருக்கட்டும், உங்க பயத்துக்கு."

ஒன்றின் அருமையை ஐயமற அறிய அதை இழந்து பார்க்க வேண்டும் என்பது அளவை நூல்களின் மிகக் கடுமையான பகுதி. அதை அவள் விரும்பிச் செய்தாள். விரும்பாமலே செய்ய நேர்வதும் உண்டு. பெறும் அறிவு இரண்டிலும் ஒன்றே.

கீற்று கட்டினோம். பாதிப் பந்தலில் அவளே நின்று இலை கிள்ளினாள். கிள்ளியதைக் கீழே போட முதல் நாள் கை வரவில்லை. மடியில் கட்டிக்கொண்டாள். மடி நிறைந்ததும் சேலையை விரித்து அதில் போட்டாள். கடைசியில் அவ்வளவையும் கூடையில் வாரி ராவுத்தரின் ஆடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்ன ஆத்தா, கோவம் தீந்துச்சா?" என்றார் அவர்.

"கோவம் என்ன கோவம். உங்க ஆடு செஞ்ச வேலைக்குக் கூலி."

"அப்ப போன தடவ தின்னது?"

"அது முன்பணம்."

அந்தச் சுற்று மெல்லக் கழிந்தது. இலை குறைந்த பாதியைப் பார்த்து ஊர் முணுமுணுத்தது. சாலையில் வண்டியை நிறுத்தியவர்கள் இப்போது நிறுத்தாமல் போனார்கள். அதே காலத்தில் கல்லூரிகளில் புகுமுக வகுப்பை எடுத்துவிட்டார்கள். அதோடு தருக்கத்துக்கு மாணவர்கள் இல்லாமல் போனார்கள். என்னை வேறொரு பாடத்துக்கு மாற்றினார்கள். மாலையில் உரக்கச் சொல்லிப் பார்க்க எனக்கு எதுவுமில்லை. அவள்தான் அடுப்படியிலிருந்து கேட்பாள்: இலை கிள்ளாத பாதியில் காற்றும் குறைவு, காய்க்காததற்குக் காற்று காரணமாயிருந்தால்? ஈரம் சீக்கிரம் காய்வது காரணமாயிருந்தால்? நான் பதில் தேடுவேன். கீற்றுக்கடியில் காற்று தாராளமாகப் போகும், மண்ணும் ஒன்றே, வெயில் ஒன்றுதான் தடைபடும் என்று சொல்லி முடிப்பதற்குள், அதற்காகத்தான் கீற்றைப் பக்கவாட்டில் இடைவெளிவிட்டுக் கட்டச் சொன்னேன் என்பாள். இருக்கும் ஐயங்களையெல்லாம் அவள் முன்கூட்டியே கீற்றில் பின்னி வைத்திருந்தாள். கல்லூரி தருக்கத்தைக் கைவிட்ட ஆண்டில்தான் எங்கள் வீட்டில் அது முழு வேலை செய்தது.

தை போயிற்று. கவாத்து வெட்டினோம். மொட்டைக் கிளைகள் சில நாள் அழுதன. வெட்டிய முனையில் நீர் சொட்டுவதை அப்படித்தான் சொல்வார்கள். பிறகு கணுக்கள் வீங்கின. துளிர் விரியும் வரை யாரும் பந்தலுக்குள் போகக்கூடாது என்றாள் அவள். அவளும் போகவில்லை. அண்ணன் குறித்த நாளில் கடப்பாறை இல்லாமல் வந்தார். ஆனால் கடப்பாறை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

இலை குறைத்த பாதியில் பச்சைப் பூங்கொத்து இல்லாத துளிரைத் தேட வேண்டியிருந்தது. தலைக்கு மேலே, எட்டும் தொலைவெல்லாம், கடுகு கொட்டி வைத்ததுபோல். அண்ணன் அண்ணாந்தபடியே நடந்தார். கல்தூணில் தோள் இடித்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை. இலை குறைக்காத பாதி முன்பு போலவே மலடாக இருந்தது. "அட" என்றார். "அட, அட." நானும் என் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு அவளைத் தேடினேன். அவள் எங்களோடு இல்லை. அந்தக் கொத்துகள் எதற்கும் நிற்காமல் நேராக வாய்க்கால் வரிசைக்குப் போயிருந்தாள்.

மூடாத பாதி எப்போதும்போல் காய்த்திருந்தது. மூடிய பாதியின் கீழ் அவள் குனிந்து நின்று கொடி கொடியாகத் துளிரை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிக் கொடியையும் பார்த்து முடித்தாள். நிமிர்ந்தாள்.

"காய்க்கல!"

அவள் குரலில் இருந்தது என்னவென்று அடுத்த கணமே புரிந்தது.

"அண்ணே! இங்கன வாங்க! ஒண்ணு கூடக் காய்க்கல! என்னங்க, பாத்தீகளா? இத்தன வருசமா காய்ச்ச கொடி, ஒரு கொத்து இல்ல, ஒண்ணு கூட இல்ல!"

கைகளைத் தட்டினாள். சின்னப் பிள்ளை மழையில் குதிப்பதுபோல் அந்த வெறுங்கொடிகளின் கீழே குதித்தாள். அண்ணன் ஓடி வந்தார், மேலே பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"அங்கன காய்ச்சுத் தொங்குது, அதுக்கு நீ வாயத் தெறக்கல. இங்கன காய்க்காததுக்கு ஏன் ஆத்தா இந்தக் கூத்து?"

"அங்கன காய்ச்சது தானாக்கூட காய்ச்சிருக்கும் அண்ணே. இங்கன நிப்பாட்டுனது நானு. நிப்பாட்டத் தெரிஞ்சா, காய்க்க வைக்கவும் தெரியும்ல? இனி எந்தக் கவாத்துக்கும் எனக்குப் பயம் இல்ல."

தருக்கத்தைப் பற்றி நான் எத்தனையோ வகுப்புகளில் பேசியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீற்றுகளை ஒவ்வொன்றாக அவரே அவிழ்த்துக் கீழே போட்டார். வெயில் அந்த வரிசையின்மேல் விழுந்தது. முடித்துவிட்டுப் பந்தலின் அடர்ந்த பாதிக்கு நடந்து, ஒரு தளிரைப் பிடித்து, நெருங்கிய இலை ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினார். கொடிக்காலில் பிறந்து வளர்ந்த அந்தக் கை இலையோடு காற்றில் சற்றே தயங்கி நின்றது. தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்கண்ணே" என்றாள். "கீழதான், போடுங்க."

போட்டார்.